தலைமடையில் வைத்த துப்பு

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு. கும்பகோணம்.

ஆடிப்பெருக்கு. படித்துறையெல்லாம் கூட்டம். சுசானா கிளார்க்கின் ‘பிரனேசி’ (2020) இரண்டாம் வாசிப்பு முடிந்தது. தண்ணீர் வரத்தைக் கணக்குப் பார்த்து வாழ்கிற ஊர்க்காரர்களுக்கு இந்த நாவல் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

முடிவே இல்லாத ஒரு மாளிகை. கீழ்த்தளத்துக் கூடங்களில் கடல், மேல்தளத்தில் மேகம், நடுத்தளத்தில் ஆயிரக்கணக்கான சிலைகள். அங்கே வாழும் பிரனேசி ஓதங்களை (கடல்நீர் ஏறி இறங்குவதை) குறித்து வைத்து, அடுத்தது எப்போது, எந்தக் கூடத்தில், எவ்வளவு உயரம் என்று கணக்குப் போடுகிறான். நாவல் தொடங்குவதே மூன்று ஓதங்கள் ஒன்றுசேரும் இரவில். எட்டு வருடத்துக்கு ஒருமுறை நடப்பது. தேன்கூடு ஏந்திய ஒரு பெண் சிலைவரை ஏறி, சுவரோடு ஒட்டிக்கொண்டு தப்பிக்கிறான். கணக்கு பலிக்கிறது என்பதை ஆசிரியர் அங்கேயே காட்டிவிடுகிறார். அதனால் கடைசியில் பெருவெள்ளம் வரும்போது விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பக்கம் புரட்டும் கை தானாக வேகம் எடுக்கிறது.

இங்கேயும் அதே கதைதான். ஐப்பசி, கார்த்திகையில் மழைவெள்ளமும் அமாவாசை ஓதமும் ஒரே நாளில் சேர்ந்தால், வடிகால் தண்ணீர் கடலில் இறங்காமல் எதிர்த்து நிற்கும். தனித்தனியாக வந்தால் வயல் தாங்கும். சேர்ந்து வந்தால் பயிர் முழுகும்.

இனி வருவது பாதிக்கு மேல் நடப்பது. படிக்காதவர்கள் அடுத்த தேதிக்குப் போய்விடலாம். பிரனேசி தன் நாட்குறிப்புகளுக்கு அகரவரிசையில் ஒரு பொருளடக்கம் வைத்திருக்கிறான். வேறு எதையோ தேடப்போய், தனக்கு நினைவே இல்லாத பதிவுகள் தன் கையெழுத்திலேயே இருப்பதைப் பார்க்கிறான். முதல் மூன்று நோட்டுகளின் அட்டையில் பழைய எண்கள் 21, 22, 23. அவை பின்னால் 1, 2, 3 என்று மாற்றப்பட்டிருக்கின்றன. அப்படியானால் முந்தைய இருபது எங்கே? துப்பறிவாளர் யாரும் இல்லாமல், ஒரு நோட்டு அட்டையை வைத்தே மர்மத்தைத் திறக்கிறார் கிளார்க். பொருளடக்கம் போடும் வழக்கத்தை முன்னாலேயே சாவகாசமாகச் சொல்லிவிட்டதால், கண்டுபிடிப்பு வானத்திலிருந்து குதித்த மாதிரி தெரியவில்லை.

தலைமடையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா? மிகுபுனைவு, அறிவியல் புனைவு, துப்பறியும் கதை என்ற மூன்று வகை நாவல்களிலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். முன்னால் சொன்ன விதி கடைசி அத்தியாயத்தில் வேலை செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி.

ஆண்டி வெயரின் ‘ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி’ (2021). ஞாபகம் இழந்த ஒருவன் ஏதோ ஒரு அறையில் கண் விழிக்கிறான். பொருள்கள் கீழே விழும் வேகம் சரியில்லை என்று தோன்றுகிறது. மேஜையிலிருந்து ஒன்றைத் தள்ளி, ஸ்டாப்வாட்சில் நேரம் பார்க்கிறான். விடை: ஈர்ப்பு முடுக்கம், அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடும் அளவு, 15 (மீட்டர் கணக்கில்). பூமியில் அது 9.8.

இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். உயரத்தை இரண்டால் பெருக்கி, விழுந்த நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ பூமியில் 0.45 விநாடி, அவன் இருக்கும் இடத்தில் 0.37. வித்தியாசம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கட்டைவிரல் பட்டனை அழுத்தும் தாமதமே அதை விழுங்கிவிடும். அதனால்தான் பலமுறை செய்து சராசரி எடுக்க வேண்டியிருக்கிறது. அவனும் அப்படியே செய்கிறான்.

அடுத்து ஊசல். ஒரு மீட்டர் நூலில் கட்டிய எடை பூமியில் போய்த் திரும்ப 2 விநாடி. 15 என்றால் 1.62. நூறு ஆட்டத்தை எண்ணினால் வித்தியாசம் 38 விநாடி ஆகிவிடும், கைத்தவறு அதில் கரைந்துபோகும். ஊசலை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பதுதான் இந்தக் காட்சியின் அழகு. சுழலும் ராட்டினத்துக்குள் இருந்தால் மையத்திலிருந்து விலக விலக ‘எடை’ கூடும், ஊசலின் வேகமும் மாறும். மாறவில்லை. ஆக, அது ராட்டினம் இல்லை. ஒரு நூலும் ஒரு எடையும், ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தது.

பின்பாதியில் நைட்ரஜனைத் தாங்கும் நுண்ணுயிரை வளர்க்கிறார்கள். அதைக் கொண்டுபோய் விட வேண்டிய வெள்ளிக்கோளின் காற்றில் நைட்ரஜன் 3.5 சதவீதம், அதைத் தாங்கினால்தான் பயன். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிழைத்ததை மட்டும் எடுத்து மறுபடி வளர்ப்பது. அப்படித் தேர்ந்தெடுக்கும்போது, கேட்காத ஒரு குணமும் சேர்ந்து வந்துவிடுகிறது. எந்தக் குணம் என்பதை இங்கே எழுதவில்லை. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிக்குத் திரும்பத் திரும்ப ஒரே மருந்தை, அதுவும் அரைகுறை அளவில் அடித்தால் என்ன ஆகும் என்று பார்த்த விவசாயிக்கு அந்த அத்தியாயம் முன்கூட்டியே பிடிபடும்.

குறையும் உண்டு. நாயகனின் ஞாபகம் திரும்புவதற்கு எந்த ஒழுங்கும் இல்லை. கதைக்கு எது தேவையோ அது, தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் கணக்கு சொல்லும் புத்தகத்தில் இந்த ஒரு வாய்க்காலுக்கு மட்டும் முறை வைக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்.

தமிழில் துப்பறியும் நாவல் இந்த வண்டல் மண்ணில்தான் வேர்விட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். ‘கும்பகோணம் வக்கீல்’ எழுதிய துரைசாமி ஐயங்காருக்கு ஊர் வடுவூர். துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன் திருவிடைமருதூர்க்காரர். பிரபாகர் பட்டுக்கோட்டையைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 18, திங்கள்.

நேற்று அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்குமான ஹியூகோ விருது அறிவித்தார்கள். சிறந்த நாவல், ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் ‘தி டெயின்டட் கப்’ (2024). மனம் நிறைந்த தேர்வு.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடலிலிருந்து மலையளவு ஜீவன்கள் கரையேற வரும் பேரரசு. அவற்றைத் தடுக்கக் கடல் ஓரமாகப் பிரம்மாண்டமான மதில். மதிலைக் காக்கும் பொறியாளர் ஒருவர், உடலுக்குள்ளிருந்து செடி வெடித்துக் கிளம்பிச் சாகிறார். விசாரிப்பவர் ஆனா, கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பார். பார்த்துவிட்டு வந்து ஒப்பிப்பவன் அவருடைய உதவியாளன், பெயர் தின். பார்த்தது எதையும் மறக்காதபடி அவன் மாற்றப்பட்டிருக்கிறான். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு குப்பியை முகர்ந்து, அந்த வாசனையோடு நினைவை முடிந்து வைப்பான். திருப்பி எடுக்க அதே குப்பியை முகர வேண்டும். ஆனால் எழுத்து படிப்பது அவனுக்குச் சிரமம்.

இந்த ஏற்பாட்டில் தின் பார்த்ததெல்லாம் நாமும் பார்த்தது. ஆனாவுக்குக் கிடைப்பது அதைவிட ஒரு துளியும் கூட இல்லை. துப்பை ஒளிக்க ஆசிரியருக்கு மூன்று இடம்தான் மிஞ்சுகிறது. அறையில் இருக்கும் ஐந்தாறு பொருளை வரிசையாகச் சொல்லி, நடுவில் ஒன்றாக வைப்பது. சண்டையோ பயமோ உச்சத்தில் இருக்கும்போது போகிற போக்கில் சொல்வது. பொருளை ஒரு அத்தியாயத்திலும், அது எதற்குப் பயன்படும் என்பதை வெகுதூரம் தள்ளி இன்னொன்றிலும் வைப்பது. மூன்றாவதில்தான் பென்னட் கெட்டிக்காரர். அந்த உலகத்துக் காளானும் செடியும் நமக்குப் புதுசு என்பதால் எது சாதாரணம், எது விபரீதம் என்றே முதலில் தெரியாது. அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப்போன வரியில் விடை இருக்கும்.

சரிபார்க்க ஒரு வழி: கடைசியில் ஆனா விளக்கும் பகுதியில் அவர் பயன்படுத்தும் ஒவ்வொரு தகவலையும் ஒரு தாளில் எழுத வேண்டும். அது முதலில் வந்த பக்கத்தை எதிரே குறிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் ஆசிரியர் ஏமாற்றியிருக்கிறார். இரண்டு குறிப்புகளுக்கு நடுவே மிக நீண்ட இடைவெளி விட்டிருந்தால், வாசகர் மறந்துபோவதற்கு ஆசிரியரே பொறுப்பு. அந்த விளக்கப் பகுதி கொஞ்சம் நீளம்தான். ஆனாவே பேசிக்கொண்டிருக்கிறார், எதிரே இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மதில் உடைவதற்கான காரணம் பிடித்திருந்தது. மதிலைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களின் சாவோடு சேர்ந்தே அது உடைகிறது. கரை உடைப்பைச் சவுக்குக் கழி அடித்து, மணல் மூட்டை அடுக்கி நிறுத்தும் ஊரில் இது புரியும். மூட்டை எங்கேயும் கிடைக்கும், எந்த இடத்தில் முதல் கழியை அடிப்பது என்று தெரிந்த ஆள்தான் கிடைக்கமாட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு.

கிம் ஸ்டான்லி ராபின்சனின் ‘தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்’ (2020). முதல் அத்தியாயம் உத்தரப் பிரதேசத்தில் ஒரு வெப்ப அலை. மின்சாரம் போய்விட்டது. காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை காயவில்லை. ஊரே ஏரியில் இறங்குகிறது. ஏரித் தண்ணீர் உடம்பைவிடச் சூடு.

இதில் விதி என்பது ஈரக்குமிழ் வெப்பநிலை. தெர்மாமீட்டர் குமிழில் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றி விசிறினால் காட்டும் அளவு. காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 30. ஈரக்குமிழே 35-ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல்சூடும் வெளியேற வழியில்லை. சில மணி நேரம்தான். பிறகு நடந்த பரிசோதனைகளில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கே ஈரமான சூழலில் 31-ஐ ஒட்டி உடல் தடுமாறுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் சித்திரை வைகாசியில் வெறும் 36 டிகிரி ஏன் அப்படிப் புழுங்குகிறது என்பதற்கும் விடை இதுதான்.

இதற்குப் பின்னால் வரும் நூற்றுச் சொச்சம் அத்தியாயங்களில் கூட்டக் குறிப்பு, வங்கி விவாதம், ஒரு டன் கார்பனுக்கு ஒரு நாணயம் என்ற ஏற்பாடு. சில இடம் மணல் மாதிரி கரகரக்கிறது. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. அந்த ஏரி ஒவ்வொரு கூட்டத்திலும் கூடவே உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி.

பென்னட்டின் அடுத்த பாகம், ‘எ டிராப் ஆஃப் கரப்ஷன்’ (2025), எடுத்தாகிவிட்டது. காவல் போட்ட, பூட்டிய அறையிலிருந்து கருவூல அதிகாரி ஒருவர் காணாமல் போகிறார். பூட்டிய அறைக்கென்று ஒரு தாள் தனியாக வேண்டும்: தாழ்ப்பாள் எந்தப் பக்கம், சாவி எத்தனை, ஜன்னலுக்கு வெளியே என்ன, ஆளைக் கடைசியாகப் பார்த்ததாகச் சொல்பவர் முகத்தைப் பார்த்தாரா முதுகைப் பார்த்தாரா, கதவைத் திறந்தவுடன் முதலில் உள்ளே போனது யார்.