தடைக்காலத்துக் கைவேலை

கிளிநொச்சியில 'படைப்பாற்றல்' எண்டு பயிற்சிப்பட்டறை நடத்தினால், சைக்கிள் கடை அண்ணைமாரையும் படிப்பிக்கக் கூப்பிட வேணும். மாணவராயில்லை, ஆசிரியராய்.

1990 இல இலங்கை அரசு வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டு, பெற்றோல், பற்றறி எல்லாம் நிண்டாப்பிறகு வன்னியைத் தாங்கினது அவையின்ர மூளைதான். சைக்கிளைக் கவிட்டு, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்டம். ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு, கொஞ்ச மண்ணெண்ணெய், மெல்லிய திரி: அந்த வெளிச்சத்திலதான் பிள்ளையள் சோதினைக்குப் படிச்சவை. மோட்டார் சைக்கிளோ காபரேட்டருக்குச் சொட்டுப் பெற்றோல் காட்டினால் ஸ்டார்ட் ஆகும், சூடேறினதும் மண்ணெண்ணெயில ஓடும். மண்ணெண்ணெய் லேசில ஆவியாகாது, அதாலதான் அந்தச் சூடு தேவை. எவ்வளவு நுணுக்கமான அறிவு!

முல்லைத்தீவு, மல்லாவிப் பக்கம் அப்பிடி வேலை செய்த ஆரையும் தெரிஞ்சால், அவை சொல்லச் சொல்ல எழுதி வையுங்கோ. எனக்கும் அனுப்புங்கோ.