லேபர் ரூம் போஸ்டிங்: குழந்தை பிறந்த பிறகுதான் வேலை

லேபர் ரூம் போஸ்டிங்கில் எல்லா மாணவிகளின் கண்ணும் தலை வெளிவரும் நொடியில்தான் இருக்கும். உண்மையில் நர்ஸின் கைக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

முதலில் ட்ரே. பிரசவம் நெருங்கும்போதே, கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து 10 யூனிட் சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும். ஒரு ஆம்பியூலில் 5 யூனிட் மட்டுமே இருப்பது சகஜம். ஒன்றை உடைத்து ஏற்றிவிட்டு '10 கொடுத்தேன்' என்று எழுதிவிடுவார்கள். லேபிளைப் படித்தால் இது நடக்காது. மருந்தை 2 முதல் 8 டிகிரியில் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். சூட்டில் கிடந்தால் வீரியம் போய்விடும். மூச்சுவிடாத குழந்தைக்குக் காற்று கொடுக்கும் பேக், மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து, காற்று கசியாததை உறுதி செய்துகொள்ளுங்கள்.

குழந்தை வந்ததும் தாயின் வயிற்றில் போட்டு நன்றாகத் துடைத்து, ஈரத்துணியை எடுத்துவிட்டு வேறு துணியால் போர்த்த வேண்டும். ஈரத்துணியிலேயே சுற்றினால் உடம்புச் சூடு இறங்கும். நன்றாக அழும் குழந்தைக்கு சக்ஷன் (வாய், மூக்கிலிருந்து சளியைக் குழாயால் உறிஞ்சுவது) வேண்டாம்; தொண்டையில் குழாய் பட்டால் இதயத்துடிப்பு குறையலாம். அழாத குழந்தைக்கு ஆப்கார் மார்க் (மூச்சு, துடிப்பு, நிறம் போன்றவற்றுக்குத் தரும் மதிப்பெண்) போட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று நிற்கக் கூடாது. முதல் நிமிடத்துக்குள் பேக் மாஸ்க்கில் காற்று போக வேண்டும்.

அடுத்து தாயின் வயிற்றைத் தொட்டு, உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று தெரிந்த பிறகே ஆக்ஸிடோசினைத் தசையில் போடுவது. இதுவும் ஒரு நிமிடத்துக்குள். குழந்தை நன்றாக இருந்தால் தொப்புள்கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்துக் கிளாம்ப் செய்யலாம்.

நஞ்சு (பிளசென்டா) எடுக்கும் கட்டம்தான் பொறுமையைச் சோதிக்கும். கர்ப்பப்பை சுருங்கி இறுகிய நேரத்தில் மட்டும், ஒரு கையை அடிவயிற்றின் கீழே உள்ள பியூபிக் எலும்புக்கு மேல் வைத்துக் கர்ப்பப்பையை மேல்நோக்கித் தாங்கிக்கொண்டு, மறுகையால் கொடியை மெதுவாக இழுக்க வேண்டும். தாங்காமல் இழுத்தால் கொடி அறுந்துபோகலாம், கர்ப்பப்பையே தலைகீழாக வெளியே வந்துவிடலாம். வராவிட்டால் விட்டுவிட்டு அடுத்த சுருக்கத்துக்குக் காத்திருங்கள். வந்த நஞ்சை விரித்து மடல்கள், சவ்வு முழுதாக இருக்கின்றனவா, கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் ரத்தப்போக்கு நிற்காது.

பிறகு 2 மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, பிபி, கர்ப்பப்பை, ரத்தப்போக்கு. கர்ப்பப்பை தொப்புள் மட்டத்தில் கிரிக்கெட் பந்து போலக் கெட்டியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உடனே மசாஜ் செய்து ஆளைக் கூப்பிடுங்கள். மேலே ஏறி வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது. அதைக் காலி செய்தாலே பல நேரம் சரியாகும். கெட்டியாக இருந்தும் ரத்தம் வருகிறதா? கிழிசலைத் தேட வேண்டும். நாப்கின் பேடை மட்டும் பார்த்தால் போதாது, ரத்தம் இடுப்புக்கு அடியிலும் தேங்கும். 500 மில்லியைத் தாண்டினால் ஆபத்து. ரத்தசோகை உள்ளவருக்கு அதற்கு முன்பே. பிபி இறங்கும்வரை காத்திருக்காதீர்கள், நாடிதான் முதலில் எகிறும்.

குழந்தைக்கு ரத்தக்கசிவைத் தடுக்க வைட்டமின் கே 1 மில்லிகிராம், தொடையின் நடுப்பகுதியில் முன்-வெளிப்புறத் தசையில். எடை 1000 கிராமுக்குக் குறைவென்றால் அரை மில்லிகிராம். ஆம்பியூல் மில்லிக்கு 10 மில்லிகிராம் என்றால் 1 மில்லிகிராமுக்கு 0.1 மில்லிதான். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். வார்டுக்கு மாற்றும்போது, கேஸ் ஷீட்டை நீட்டுவதற்கு முன் வார்டு ஸ்டாஃபின் கையையும் அந்தக் கர்ப்பப்பை மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.