திரும்ப வரும் சப்ஸ்ட்ரிங்கை எப்படிக் கழிப்பது?

நிரல் எழுதித் தீர்க்கும் கணக்குகளைத் தரும் ஸ்போஜ் தளத்தில் ஒரே கேள்வி இரண்டு கணக்குகளாக இருக்கிறது. ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் வரிசை, தருவார்கள்; அதில் ஒன்றுபோல் ஒன்று இல்லாத சப்ஸ்ட்ரிங் (இடைவிடாமல் வெட்டியெடுத்த துண்டு) எத்தனை என்று சொல்ல வேண்டும். முதலாவதில் நீளம் 1,000 வரை, இரண்டாவதில் 50,000 வரை.

1,000 எழுத்து என்றால் அதிகபட்சம் 5 லட்சம் துண்டுகள்தான். ட்ரை (ஒரே மாதிரித் தொடங்கும் துண்டுகள் ஒரே கிளையைப் பகிரும் மர அமைப்பு) கட்டி, கணுக்களை எண்ணி முடித்துவிட்டேன். 50,000 ஆனதும் அதுவே 125 கோடியாகிவிடுகிறது. துண்டுகளைக் கையில் எடுக்காமலேயே எண்ண ஒரு வழி வேண்டும்.

ஓர் எழுத்தில் தொடங்கி ஸ்ட்ரிங்கின் கடைசி வரை போகும் துண்டுதான் சஃபிக்ஸ். எந்த சப்ஸ்ட்ரிங்கும் ஏதோ ஒரு சஃபிக்ஸின் தொடக்கப் பகுதிதான். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 'சலசல' என்பதன் சஃபிக்ஸ்களை அகர வரிசையில் அடுக்கினால் சல, சலசல, ல, லசல என்று வரும். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதோடு தொடக்கத்தில் எத்தனை எழுத்து ஒத்துப்போகிறது? 2, 0, 1. மொத்தத் துண்டுகள் 10. ஒத்துப்போகும் தொடக்கங்கள் முந்தைய சஃபிக்ஸிலேயே எண்ணப்பட்டவை என்பதால், அதில் இந்த 3-ஐக் கழித்தால் 7. தாளில் எழுதிப் பார்த்தேன், சரியாக ஏழுதான்.

அடுக்குவதற்கு மேன்பர், மையர்ஸ் இருவரும் 1990-இல் தந்த இரட்டிப்பு முறை: முதலில் 1 எழுத்தை வைத்து, அப்புறம் 2, 4, 8 என்று. 50,000-க்கும் 16 இரட்டிப்பு போதும். என்னை அதிக நேரம் உட்கார வைத்தது அந்தப் பொது நீளங்களைக் கணக்கிடுவது. 2001-இல் கசாயும் மற்றவர்களும் சொன்ன வழியில், சஃபிக்ஸ்களை ஸ்ட்ரிங்கில் இருக்கும் வரிசையிலேயே எடுக்க வேண்டும். அகர வரிசையில் 'சலசல'வுக்கு முன்னால் நிற்பது 'சல', பொது நீளம் 2. இரண்டிலும் முதல் எழுத்தை நீக்கினால் 'லசல', 'ல'. இங்கே 1 எழுத்தாவது ஒத்துப்போயே ஆக வேண்டும். அதாவது ஒரு படிக்கு ஒன்றுக்கு மேல் குறையாது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஒப்பிட வேண்டியதில்லை. இவ்வளவு அழகான வாதத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கணக்கு ஏற்கப்பட்டதும் தமிழ்ச் சொற்களைக் கொடுத்துப் பார்த்தேன். 'மாமா'வுக்கு 7 என்றது. யூனிகோடில் ம, கால், ம, கால் என நான்கு குறிகள் இருப்பதால், கால் மட்டும் தனியே நிற்கும் துண்டையும் எண்ணிவிடுகிறது. தமிழ் எழுத்தாக எண்ணினால் மா, மாமா என்ற இரண்டுதான். அதனால் முதலில் உரையை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண் வரிசையையே நிரலுக்குள் அனுப்புகிறேன். மற்றபடி நிரலில் ஒரு வரிகூட மாற்றத் தேவைப்படவில்லை.