பண்ணைக் கரையில் பழகிய கண்

எங்கள் வகுப்புத் தோழர்களிடம் விலங்கியல் பாடம் பற்றிக் கேட்டால் தவளை வெட்டிய கதையைத்தான் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவு வருவது யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம். தை மாதத்தில் மாஸ்ரர் எங்களைச் சைக்கிளில் அங்கே கூட்டிக்கொண்டு போவார். அவரிடம் இருந்தது ஒரேயொரு பழைய தொலைநோக்கி, முறைவைத்துப் பார்ப்போம். பெயரை அவர் உடனே சொல்ல மாட்டார். "காலின் நிறத்தைப் பார், அலகு எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு, என்னத்தைத் தின்னுது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பெயர் கடைசியில்தான் வரும். இன்றும் நான் பறவை பார்ப்பது அந்த ஒழுங்கில்தான்.

பூநாரையை அப்படித்தான் படித்தேன். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுத் தண்ணீரை வடித்து, பாசியையும் கூனி போன்ற சிற்றுயிர்களையும் தின்னும். அதன் இளஞ்சிவப்பும் அந்தச் சாப்பாட்டிலிருந்தே வருகிறது. ஆழமில்லாத உவர்த் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த நிறமும் இல்லை, அந்தப் பறவையும் இல்லை.

ஆனால் என் மனதில் ஆழப் பதிந்தது பூநாரை அல்ல, கரிக்குருவி. மேயும் மாட்டின் முதுகில் இருந்துகொண்டு, கிளம்பும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். கூட்டுக்குக் கிட்ட வந்த காகத்தைத் தன்னந்தனியாகக் கலைத்துவிடும். பேராதனைக்குப் படிக்கப் போனபோது அதைத் தேடினேன். அங்கிருந்த கரிக்குருவிக்கு வயிறு வெள்ளை. அது வேறு இனம். முழுக்கக் கறுத்த எங்கள் குருவி வடக்கிலும் வறண்ட கரையோரப் பகுதிகளிலும்தான் வாழ்கிறது என்று அங்கேதான் அறிந்தேன். கௌதாரியும் அப்படியே. வேலியில் தினமும் கண்டதெல்லாம் இலங்கையின் பெரும்பகுதியில் காணக் கிடைக்காதவை!

லண்டனுக்கு வந்த பிறகு சிட்டுக்குருவியைப் பற்றி அறிந்தது இன்னும் உறைத்தது. ஒருகாலத்தில் இந்த நகரில் அதை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். 2002இல், அருகிவரும் பறவைகளுக்கான பிரித்தானியாவின் சிவப்புப் பட்டியலில் அதுவும் சேர்ந்தது. குறைவது தெரிந்ததே, சாதாரண ஆட்கள் ஆண்டாண்டாக எண்ணி வைத்திருந்ததால்தான். 1979 முதல் ஒவ்வொரு ஜனவரியும் இங்கே வீட்டுத் தோட்டங்களில் ஒரு மணிநேரம் பறவை எண்ணுகிறார்கள். எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் எண்ணி வளர்ந்தார்கள், இப்போது பேரப்பிள்ளைகள்.

ஊரில் நல்லதும் நடந்திருக்கிறது. 1938இல் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவானது. மன்னார் வங்காலை 2010இல் ராம்சார் என்னும் உலக ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்மதிக் கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை பறந்திருக்கிறது. அத்தனை தூரம் போய்வரும் பறவைக்கு எங்கள் சேற்றுநிலம்தான் மாரிக்காலச் சாப்பாட்டுக் கடை.

ஆனால் பறவைகள் சரணாலயத்துக்குள் மட்டும் இருப்பதில்லை. அண்மையில் ஊருக்குப் போனபோது, நாங்கள் உள்ளான் பார்த்த கரையில் குப்பை கொட்டி மண் நிரப்பிக் கிடந்தது. கழித்துவிட்ட நைலோன் வலையில் ஒரு கொக்கு செத்துத் தொங்கியது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எங்கே எத்தனை பறவை இருந்தது என்று எழுதி வைத்தவர் இல்லாததால், என்ன போய்விட்டது என்று எடுத்துக்காட்டவும் வழியில்லை.

ஆகையால் எங்கள் பழைய மாணவர் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான் நடக்கிறது. நாங்கள் படித்த கல்லூரியில் ஒரு பறவைக் கழகம் தொடங்கி, பண்ணை, நாவற்குழி, அராலிக் கரைகளில் மாணவர்கள் ஆண்டுதோறும் எண்ணிப் பதியலாம். அதற்குத் தொலைநோக்கிகளும், தமிழில் நல்லதொரு கள வழிகாட்டியும் வேண்டும். முதல் இரண்டு தொலைநோக்கிகளை நான் வாங்கித் தருகிறேன். மற்றவற்றுக்கு முன்வருபவர்கள் மார்கழி விடுமுறைக்கு முன் செயலாளரிடம் சொல்லுங்கள். ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பலாம்.