எந்த பில்லில் விட்டோம்?

ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியல்) வந்ததும் கணக்கு அலுவலகங்களில் ஒப்பிடும் வேலை தொடங்கிவிடும். கொள்முதல் பதிவும் 2பி-யும் பில் பில்லாக ஒத்துப்போக வேண்டும், 20-ஆம் தேதிக்குள் மாத வரி ரிட்டர்னான 3பி-யைப் போட்டாக வேண்டும். இந்தச் சில நாட்களில் நடக்கும் தவறுகளுக்கெல்லாம் கவனக்குறைவு என்று ஒரே பெயர் வைத்துத் திட்டிவிடுகிறோம். அது நியாயமில்லை. பாதித் தவறு மனத்தின் இயல்பில் வருவது. இயல்பு தெரிந்தால் வேலையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். கண் பில்லிலிருந்து திரைக்குப் போகும் இரண்டு நொடியில் அத்தனையையும் மனம்தான் சுமக்கிறது. மனத்தில் ஒரே நேரத்தில் நிற்பது ஏழு விஷயம், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956-இல் எழுதினார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர். 2001-இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதைச் சுமார் நான்காகக் குறைத்தார். பதினைந்தை ஒரே மூச்சில் தூக்கினால் நடுவில் ஏதாவது சிந்தத்தான் செய்யும். முதலில் மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), பிறகு பான் (வருமான வரி) எண்ணின் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து, கடைசி மூன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே துண்டு துண்டாக அடியுங்கள். தொகையிலும் இதே கதைதான். 5,430 என்பது 5,340 ஆகிவிடும், 90 ரூபாய் இடிக்கும். மொத்தத்தில் இடிக்கும் தொகை 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், முதலில் இடம் மாறிய இலக்கத்தைத் தேடுங்கள்.

ஒப்பிடுவது இன்னொரு வகை வேலை. தொண்ணூறு பில் ஒத்துப்போகும், தொண்ணூற்றொன்றாவது ஒத்துப்போகாது. அரிதாக வரும் ஒன்றுக்காக விழித்திருப்பதில் மனம் சீக்கிரம் தளர்ந்துவிடும். உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், கடிகார முள்ளின் அரிதான இரட்டைத் தாவலைக் கவனிக்க வேண்டியவர்கள் முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு அதிகமாகத் தவறவிட்டார்கள். அதனால் 25, 30 நிமிடம் ஒப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவது நல்லது. சாப்பாட்டுக்குப் பின் இரண்டிலிருந்து நான்கு மணி வரை உடம்பே மந்தமாகும் நேரம். பில்களைக் கோப்பில் அடுக்குவது, பாக்கி பில் கேட்டு போன் போடுவது எல்லாம் அப்போதைக்கு.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது இடையில் வரும் அழைப்பு. "அக்கா, நம்ம ரிட்டர்ன் போட்டாச்சா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்பார். பேச்சு என்னவோ இரண்டு நிமிடம்தான். ஆனால் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எந்த பில்லில் விட்டோம் என்றே தெரியாது. தெரிந்தாலும் மனத்தில் ஒரு பங்கு அந்த ரிட்டர்னிலேயே நிற்கும். முந்தைய வேலை முடியாமல் அடுத்ததற்குப் போனால் கவனத்தின் எச்சம் பின்னாலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் காட்டியது இதைத்தான்.

இதற்கு ஒரு துண்டுச் சீட்டு போதும். போன் மணி இரண்டு முறை அடிக்கட்டும், அதற்குள் எழுதிவிடலாம்: "47 வரை சரி. 48: வரி 5-ஆ, 18-ஆ? சப்ளையரைக் கேள்." நின்ற இடத்தை மட்டும் குறித்தால் போதாது, அடுத்த செயலும் இருக்க வேண்டும். முடியாத வேலைக்குத் தெளிவான திட்டம் எழுதிவைத்தாலே அது மனத்தைக் குடைவது குறைகிறது என்று உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் கண்டார்கள். "48 பார்க்கணும்" என்று மொட்டையாக எழுதினால் திரும்பி வந்து முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும், மனமும் விடாது. போன் பேசும்போது புதிதாக முளைத்த வேலையையும் அதே சீட்டின் கீழே, எத்தனை மணிக்குச் செய்வது என்று சேர்த்தே எழுதுங்கள்.

இடைவேளையில் வாட்ஸ்அப் திறப்பதை நான் ஓய்வாகவே எண்ணுவதில்லை. பதில் போடாத நான்கு செய்திகளோடு நாற்காலிக்குத் திரும்பினால் சீட்டில் இல்லாத நான்கு பாக்கி கூடவே வந்து உட்காரும். ஐந்து நிமிடம் டீக்கடை வரை நடந்து வரலாம், போன் மேசை டிராயரிலேயே இருக்கட்டும். மாலை கிளம்பும்போது கடைசிச் சீட்டைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போனால், காலையில் முதல் கை அதில்தான் படும்.