மாம்பழக் கடை போர்டு: 80 கிலோமீட்டர் வேகத்தில் எது தெரியும்?

சித்திரை பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரியைச் சுற்றி நெடுஞ்சாலை ஓரமெல்லாம் மாம்பழக் கடைகள் முளைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு இருக்கும். நடுவில் தட்டு நிறையப் பழப் படம், மேலே சாமி பெயர், கீழே நாலு போன் நம்பர், ஓரத்தில் க்யூஆர் கோடு. இந்த வருஷம் ஏஐ வரைந்த படமும் சேர்ந்துகொண்டது. இத்தனையும் போட்ட பிறகு ஓடும் காரில் இருப்பவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரிவதில்லை என்பதுதான் வருத்தம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். கண்ணில் பட்டு, படித்து, "நிறுத்தலாமா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க 4 வினாடியாவது வேண்டும். அதாவது 90 மீட்டர் தூரத்திலேயே எழுத்து தெளிவாக இருக்கவேண்டும். பிறகு பின்னால் வரும் லாரிக்கு இடைஞ்சல் இல்லாமல் வேகம் குறைத்து ஒதுங்க இன்னும் 150 மீட்டர் போகும். போர்டைக் கடைக்கு நேராக நட்டால், படித்து முடிக்கும்போது கடை பின்னால் போயிருக்கும். எனவே பெரிய போர்டு கடைக்கு 150 மீட்டர் முன்னால் நிற்கவேண்டும். அதுவும் பட்டா நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்தோடும் உரிய அனுமதியோடும் நிற்கவேண்டும். நெடுஞ்சாலைக்குச் சொந்தமான இடத்தில் நட்டால் பாதி சீசனில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? 30 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது போர்டுத் தொழிலில் புழங்கும் கணக்கு. 90 மீட்டர் ஏறக்குறைய 295 அடி, ஆக 10 அங்குலம். ஆனால் அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழில் சுழியும் வளைவும் அதிகம், தூரத்தில் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். அதனால் 12 அங்குலம் வையுங்கள். அந்த 12-ஐ கொம்பு, புள்ளி, ழகர வால் எதையும் சேர்க்காமல் ம, ப மாதிரி எழுத்தின் உடம்பை வைத்து அளக்கவேண்டும். அந்த அளவில் 'மாம்பழம்' என்ற ஒரு சொல்லே ஏறக்குறைய 6 அடி நீளும். 8-க்கு 4 அடி போர்டில் அந்தச் சொல், கீழே '150 மீ', ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான் இடம். சாமி பெயர், உரிமையாளர் படம், போன் நம்பர், ரகங்களின் பட்டியல் எல்லாம் கடைவாசல் போர்டுக்குப் போகட்டும். அங்கே வண்டி நின்றுவிட்டது, படிக்க நேரம் இருக்கிறது.

கடையின் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. பெங்களூர் திரும்பும் வண்டிகள்தான் பாதி வியாபாரம் என்றால் அந்த 2 பங்கில் ஒரு கன்னட வரி போடுங்கள். கூகுளில் மொழிபெயர்த்து ஒட்டாமல், ஓசூர்ப் பக்கம் கன்னடம் படித்தவரிடம் காட்டிச் சரிபார்த்துப் போடவேண்டும்.

அடுத்து, கடைவாசல் போர்டில் போடும் படம். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதும் ஏஐ வரைந்து தருவதும் பெரும்பாலும் சிவப்பு பூசிய உருண்டையான வெளிநாட்டுப் பழம். இந்த மாவட்டத்துக்காரருக்குப் பத்தடி தள்ளியே வித்தியாசம் தெரியும். பெங்களூரா ரகம் நீளமாக, நுனியில் கிளிமூக்கு வளைந்திருக்கும். செந்தூராவுக்குக் காம்புப் பக்கம் தோளில் மட்டும் சிவப்பு ஏறியிருக்கும். மல்கோவா குண்டாக, கனமாக உட்கார்ந்திருக்கும். பெங்களூரா விற்கும் கடையில் அமெரிக்கப் பழத்தின் படம் தொங்கினால் வாங்க வருபவருக்கு முதல் சந்தேகம் அங்கேயே விழும்.

உங்கள் தோட்டத்துப் பழத்தை நீங்களே போனில் எடுங்கள். காலை ஏழு, எட்டு மணிக்கு நிழலில் வைத்து, இரண்டடி தள்ளி நின்று 2 எக்ஸ் லென்ஸில் எடுக்கவேண்டும். கிட்டப் போய் எடுத்தால் முன்னால் இருக்கும் பழம் மட்டும் ஊதித் தெரியும். தோலில் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சைத் துடைக்காதீர்கள், புதிதாகப் பறித்த பழம் என்பதற்கு அதுவே அடையாளம். 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் அகலம் இருக்கும். 8 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 42 பிக்சல் வரும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் போர்டுக்கு அது போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. திரையில் பளபளக்கும் மஞ்சள் ஃப்ளெக்ஸில் அப்படியே வராது. சிஎம்ஒய்கே-யில் (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு அச்சு மைகள்) மஞ்சள் 100 சதவீதம், மெஜந்தா 20 சதவீதம் என்று தொடங்குங்கள். மெஜந்தா 35-ஐத் தாண்டினால் ஆரஞ்சாகிவிடும். எழுத்துக்குக் கறுப்பு 100, கூட சியான் 40 போதும். நாலு மையையும் நூறு நூறு கொட்டினால் காயாமல், சுருட்டியதும் ஒட்டிக்கொள்ளும். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து கிட்டத்தில் அழகாக இருக்கும், தூரத்தில் இரண்டும் ஒரே கருமையாகக் கலந்துவிடும். டிசைனைப் போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், எழுத்து மறைந்தால் மாற்றுங்கள்.

இனி எழுத்துரு. பல ஃப்ளெக்ஸ் கடைகளில் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோடு, அதாவது இன்று போன்களில் புழங்கும் பொது எழுத்துக் குறியீடு. அதை அப்படியே ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். சில மென்பொருளில் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பாக இருந்தால் டைப் அமைப்புகளுக்குள் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பலூ தம்பி, முக்த மலர், கேட்டமரன் மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். தூரத்துக்கு முக்த மலரின் தடித்த வகையை நான் முதலில் சொல்வேன், எழுத்துக்குள் இருக்கும் இடைவெளி அடைபடாமல் நிற்கும். வேலை முடிந்ததும் எழுத்தை கர்வ்ஸாக (எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாத கோட்டு வடிவமாக) மாற்றி பிடிஎஃப் கொடுங்கள். ஏஐ படத்துக்குள்ளேயே தமிழை எழுதச் சொன்னால் பல சமயம் எழுத்து மாதிரி ஏதோ ஒன்று வந்து நிற்கும். படம் தனி, எழுத்து தனி.

புது டிசைனுக்கு எங்கே பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: தர்மபுரி அகழ்வைப்பகத்தில் (தொல்லியல் அருங்காட்சியகத்தில்) இருக்கும் நடுகற்களை நிதானமாகப் பாருங்கள். நடுவில் ஒரு வீரன், கையில் ஆயுதம், ஓரத்தில் சில வரி எழுத்து. என்ன செய்தான் என்பது படத்திலேயே முடிந்துவிடும். ஒரே உருவம், ஒரே செயல், மிச்சம் வெறுங்கல். இந்த அளவு துணிச்சலான காலியிடம் நம் போர்டுகளில் ஒன்றிலாவது வந்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

வாசகத்திலும் 'சுவையான, தரமான' என்பதை விடுங்கள். வாங்குபவர் கேட்பது 'கல் வச்சதா?' என்ற ஒரே கேள்வி. கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது, எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு. நீங்கள் எதைச் செய்கிறீர்களோ அதையே எழுதுங்கள்: 'வைக்கோலில் பழுத்தது' அல்லது 'எத்திலீன் அறையில் பழுத்தது'. க்யூஆர் கோடு நெடுஞ்சாலை போர்டில் வீண். அட்டைப் பெட்டியில் 3 சென்டிமீட்டர் அளவில், சுற்றிலும் வெள்ளை விட்டு, லேபிளாக ஒட்டுங்கள். பெட்டியின் நெளிவு அட்டையில் நேரடியாக அச்சடித்தால் மை கசிந்து ஸ்கேன் ஆகாது.

ஃப்ளெக்ஸ் ஆர்டர் கொடுக்கும்போது நாலு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள், சட்டத்தில் மடித்து இழுக்க அது வேண்டும். 1 அங்குல சதுரக் குழாய்ச் சட்டம், 4 அடிக்கு ஒரு குறுக்குக் கம்பி. சீசன் தொடக்கத்தில் வரும் செந்தூராவோடு கடையை மூடுபவருக்கு இது போதும். கடைசியில் வரும் நீலம் ரகம் வரை, ஆடிக்காற்றிலும் விற்பவர்கள் குறுக்குக் கம்பியை 2 அடிக்கு ஒன்றாக்கி, பின்னால் இரண்டு சாய்கால் கொடுத்து, குழியில் கான்கிரீட் போட்டுவிடுங்கள்.