11 வாரம் என்றார்கள், 16 ஆனது: எலும்பு முறிவுக்குப் பிறகு மறுபடி சைக்கிள்

சைக்கிளிலிருந்து விழுந்து இடது காலர் எலும்பு உடைந்து பிளேட் வைத்த பிறகு, ரோட்டில் சைக்கிள் ஓட்ட 11 வாரம் ஆகும் என்று பிசியோ சொல்லியிருந்தார். எனக்கு 16 ஆனது. சொன்ன நேரத்தில் எலும்பு கூடிவிட்டது, அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. மிச்ச 5 வாரமும் வேறு எங்கெங்கோ போனது, அதுதான் இன்னும் மனது ஆறாமல் இருக்கிறது. டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) பழகுகிற யாராவது இதே நிலையில் இருந்தால் அவர்களுக்காவது அந்த 5 வாரம் மிச்சமாகட்டும்.

ஆபரேஷன், ஸ்லிங், மல்லாந்து மட்டுமே படுத்த ராத்திரிகள் எல்லாம் பட்டவர்களுக்குத் தெரியும், அதை விடுகிறேன்.

அந்த ஐந்தில் முதல் வாரம் ஒரு காகிதத்தால் போனது. எட்டாவது வாரம் டாக்டரைப் பார்க்கப் புது எக்ஸ்ரேயோடு போனேன். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறதா, முறிவுக் கோடு மறைகிறதா என்று சொல்ல முடியும் என்றார், நியாயம்தான். பழைய படம் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர் பதிவு எண் இல்லாமல் தேட மாட்டேன் என்றுவிட்டார். பெயர் சொன்னேன், ஆபரேஷன் தேதி சொன்னேன், சட்டையை விலக்கித் தழும்பைக்கூடக் காட்டினேன், நிமிர்ந்தே பார்க்கவில்லை. எண் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது, சம்மரி வீட்டில் இருந்தது. அடுத்த வாரம்தான் மறுபடி பார்க்க முடிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, முதல் எக்ஸ்ரே மூன்றையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டாக்டரிடம் “சைக்கிள் ஓட்டலாமா” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இரண்டாம் முறை நான் பிரித்துக் கேட்டேன்: வீட்டு டிரெய்னரில் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாமா, ரோட்டில் போகலாமா, குனிந்து ஓட்ட ஹேண்டில்பாரில் மாட்டுகிற ஏரோ பாரில் முழங்கையை ஊன்றலாமா, ரேஸ் போகலாமா. நான்குக்கும் நான்கு வேறு பதில் வந்தது. மறுபடி விழுந்தால் பிளேட் முடிகிற இடத்தில் எலும்பு உடையலாம் என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

வீணான இரண்டாவது வாரம் முழுக்க என் தவறு. ஏழாவது வாரத்திலிருந்தே ஓட ஆரம்பித்திருந்தேன், அதனால் காலில் தெம்பு இருக்கிறது என்று நம்பி டிரெய்னரில் பழைய எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிகிற வாட்) 238 வாட்டையே விட்டுவைத்து, அதில் 90 சதவீதத்தில் 20 நிமிடம் என்று அழுத்தினேன். எர்க் மோடில் டிரெய்னர் வாட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும், நாம் மிதிக்கிற வேகம் குறையக் குறைய பாரம் ஏறிக்கொண்டே போகும். 9 நிமிடத்தில் கால் அப்படியே நின்றுவிட்டது, இதயத்துடிப்பு 178. வீம்புக்கு மறுநாளும் அதையே செய்து, மீதி வாரம் தொடை வலியோடு படுத்திருந்தேன். பயிற்சியை நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தின் அளவுதான், அதுவும் சில நாட்களிலேயே, அதனால் அதே வேலைக்கு இதயம் அதிகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. அதோடு, ஓடுகிற தெம்பு அப்படியே பெடலுக்கு வந்துவிடாது. அப்புறம் வாட்டைப் பார்ப்பதையே விட்டேன். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் 30 நிமிடம், அவ்வளவுதான். பின்னால் நிதானமாக 20 நிமிட டெஸ்ட் செய்தபோது சராசரி 204, அதில் 95 சதவீதம், அதாவது புது எஃப்டிபி, 194. பழைய எண்ணைவிட 44 வாட் குறைவு. அந்த எண்ணை ஒத்துக்கொண்ட பிறகுதான் பயிற்சி பயிற்சியாக இருந்தது.

பெரிய அடி முழங்கால். மூன்று வாரம் தின்றது.

மெதுவாகத்தான் மிதிக்கிறேன், ஆனாலும் முட்டிச் சில்லுக்கு முன்னால் குத்துகிறது, மாடிப்படி இறங்கினால் இன்னும் அதிகம். பிசியோவிடம் இரண்டு முறை போனேன், தொடைக்கு உடற்பயிற்சி தந்தார், வலி குறைகிற மாதிரி இருந்தது, சைக்கிளில் ஏறினால் திரும்பியது. சைக்கிளைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. டயர் பார்க்க சைக்கிளை டிரெய்னரிலிருந்து இறக்கி, சும்மா ஏறி உட்கார்ந்தபோதுதான் பொறி தட்டியது. முன்பெல்லாம் கால் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும், இப்போது பாதத்தில் பாதி ஊன்றுகிறது. நான் விழுந்த அன்று யாரோ நல்ல மனதோடு சைக்கிளைக் காரில் ஏற்ற சீட்டை இறக்கியிருக்கிறார்கள். நானும் பார்க்காமலே டிரெய்னரில் மாட்டிவிட்டேன்.

பழைய உயரம் எவ்வளவு? சைக்கிளை என் உடம்புக்கு ஏற்ப அளந்து ஃபிட்டிங் செய்த இடத்தில் கேட்டால் அளவுகளை வைத்திருக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் பழைய போட்டோக்களில் ஸ்கேலை வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கிடைத்தது எங்கே தெரியுமா, சைக்கிளை மடக்கி எடுத்துப்போகும் பெட்டியின் மூடிக்குள். ஒரு ரேஸுக்குக் கிளம்பும்போது நானே டேப் ஒட்டி எழுதியிருக்கிறேன்: 72.4. கிராங்க் (பெடல் கை சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேல்வரை அளந்தால் இப்போது 70.6 சென்டிமீட்டர்தான். 18 மில்லிமீட்டர்! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் எந்த மெடலுக்கும் வந்ததில்லை. ஒரேயடியாக ஏற்றாமல் சில நாளுக்கு ஒருமுறை 5 மில்லிமீட்டர் என்று ஏற்றினேன், வலி போய்விட்டது. முன்முட்டியில் வலித்தால் முதலில் சீட்டு தாழ்வா என்று பாருங்கள், பின்பக்கம் வலித்தால் உயரமா என்று. சீட் போஸ்ட்டில் ஒரு சுற்று டேப் ஒட்டிவையுங்கள்.

விழுந்த சைக்கிளை அப்படியே நம்பவும் வேண்டாம். ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும், உள்ளே நசுங்கிய நுரை திரும்ப எழாது. டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றுகிற சீலன்ட் காய்ந்து தோலாகக் கிடந்தது. கார்பன் ஹேண்டில்பாரில் டேப்பைப் பிரித்தபோது ஏரோ பார் கிளாம்ப் ஓரமாக முடி மாதிரி ஒரு விரிசல். பிரிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

ரோட்டில் எனக்குக் கஷ்டமாக இருந்தது வேகமோ வளைவோ அல்ல, தண்ணீர் பாட்டில். வலது கையால் பாட்டிலை எடுத்தால் உடம்பின் பாரம் முழுக்க இடது தோளில் இறங்குகிறது. முதல் நாள் கை நடுங்கி முன்சக்கரம் ஆடியது, பாட்டிலை அப்படியே விட்டுவிட்டு தாகத்தோடு திரும்பினேன். பிறகு டிரெய்னரிலேயே ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் ஒருமுறை எடுத்து, குடித்து, வைத்துப் பழகினேன். ஏரோ பாரும் அப்படித்தான், முழங்கைத் தாங்கியை 20 மில்லிமீட்டர் உயர்த்திக்கொண்டு, 10 நிமிடத்துக்கு 1 நிமிடம் என்று ஆரம்பித்தேன்.

போன ஞாயிறு 40 கிலோமீட்டர் போனேன், ஒலிம்பிக் தூர டிரையத்லானில் சைக்கிள் பகுதி அவ்வளவுதான். நேரம் பழையதைவிட 11 நிமிடம் அதிகம். விழுந்த வளைவைத் தாண்டி ரோடு நேரானதும் பாட்டிலை எடுத்தேன், குடித்தேன், கீழே பார்க்காமலே கூண்டில் திரும்ப வைத்தேன்.